விளையாட்டு வினையாகும் வேளை

(பத்தாம் வகுப்பு மாணவி)

"விளையாட்டு வினையாகும்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாமரத்தின் உச்சிக் கிளைக்கு ஏறியவனையும், பாகூர் ஏரி நிரம்பிய நாளில் நீந்தப் போனவனையும், கிட்டிப்புள் பட்டு நெற்றி உடைந்து வந்தவனையும் பார்த்து அவர்கள் சொன்ன சொல் அது. அக்காலத்தில் வினை வீட்டுக்கு வெளியே இருந்தது. பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருந்தால் தாய்க்கு நிம்மதி. இன்றோ, கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளையைத் தேடிக்கொண்டு வினை உள்ளேயே வருகிறது. உள்ளங்கை அளவுள்ள கைப்பேசிதான் அதற்கு வாசல்.

2021ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நாளேடுகளில் ஒரு செய்தி வெளியாயிற்று. வில்லியனூர்ப் பகுதியைச் சேர்ந்த பதினாறு வயது மாணவர் ஒருவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஏறத்தாழ நான்கு மணி நேரம் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தார். பிறகு மயங்கிக் கிடந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுசென்றும் பயனில்லாமற் போயிற்று என்பதே அச்செய்தி. வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு நாள் செய்தி. நமக்கு அப்படியல்ல. நம் கொம்யூனில், நாம் பேருந்து ஏறும் சாலைக்கு அருகில் நடந்தது. அப்போது நாங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தோம். அந்த வாரம் பல வீடுகளில் கைப்பேசி அலமாரிக்குள் பூட்டப்பட்டது. அடுத்த வாரம் பூட்டு திறந்துகொண்டது.

இத்தகைய செய்தியைப் படித்ததும், "விளையாட்டே கொன்றுவிட்டது" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் நாளேட்டின் பத்து வரியைக் கொண்டு ஓர் உயிர் போன காரணத்தைத் தீர்மானிக்க முடியாது. மருத்துவ நூல்கள் சொல்வதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக் குழந்தை இதய மருத்துவர்கள் 2022ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மின்னணு விளையாட்டின் நடுவே திடீரென்று நினைவிழந்து விழுந்த 22 பிள்ளைகளின் விவரங்களை உலகெங்குமிருந்து திரட்டிப் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு இதயத் துடிப்பின் தாளம் பிறவியிலேயே பிசகக்கூடிய நோய் இருந்தது. வீட்டாருக்கு அது தெரியாது. பலர் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டின் படபடப்பு அந்தக் குறையைத் தூண்டிவிட்டது. மைதானத்தில் ஓடும்போது நேரக்கூடியது படுக்கையில் படுத்தபடியே நேர்ந்திருக்கிறது.

இது மிக அரிதாக நடப்பது. யாரும் பீதி கொள்ள வேண்டியதில்லை. எனினும் பெற்றோர்கள் ஒன்றை மட்டும் மறக்கலாகாது. ஓடும்போதோ, ஆத்திரப்படும்போதோ, விளையாட்டின் பரபரப்பிலோ பிள்ளை ஒருமுறை மயங்கி விழுந்தாலும், "வெயிலில் வந்த மயக்கம்", "சாப்பிடாத மயக்கம்" என்று சோடாவைத் தெளித்து விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டி இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணில் மின்னும் ஒளியால் வலிப்பு வருபவர்களும் உண்டு. 1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி ஜப்பானில் போக்கிமான் என்ற கேலிச்சித்திரத் தொடரில் சிவப்பும் நீலமுமாக ஒளி வேகமாக மாறி மாறி மின்னிற்று; அன்று மாலை 600க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இருட்டறையில் கண்ணருகே திரையை வைத்து ஆடலாகாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அன்புத் தோழியரே, உயிரைப் பறிக்கும் வினை அரிது என்பதால் நாம் நிம்மதியாக இருந்துவிட முடியுமா? சந்தடியின்றிப் பறிபோகிறவை வேறு சில இருக்கின்றன. தூக்கம், பசி, படிப்பு, அம்மாவோடு பேசும் பேச்சு ஆகியவை ஒவ்வொன்றாகப் போகின்றன. இவற்றுக்கெல்லாம் நாளேட்டில் செய்தி வராது.

உலகச் சுகாதார நிறுவனம் இதை ஒரு நோயாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டு மே மாதம் கூடிய உலகச் சுகாதாரப் பேரவை நோய்களின் பட்டியலைத் திருத்தி அமைத்தபோது, "விளையாட்டுக் கோளாறு" என்ற ஒன்றைச் சேர்த்தது. அப்பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மூன்று அடையாளங்கள் கூறப்படுகின்றன. எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் ஆடுவது, எப்போது நிறுத்துவது என்பது தன் கட்டுக்குள் இல்லாமற் போதல் ஒன்று. மற்ற எல்லா வேலைகளையும் விருப்பங்களையும் தள்ளிவிட்டு ஆட்டமே முதலிடம் பிடித்தல் இன்னொன்று. தீங்கு நேர்வது தெரிந்தும் தொடர்ந்து ஆடுதல், அல்லது முன்னிலும் அதிகமாக ஆடுதல் மூன்றாவது. இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடித்திருந்தால்தான் நோய் என்று மருத்துவர் தீர்மானிப்பார். ஆடுகிறவர்களில் சிறு பகுதியினரே இந்நிலைக்கு வருகிறார்கள் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது.

இதைப் பெற்றோர்கள் தயவுசெய்து இருமுறை படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஆடிய பிள்ளையைப் பார்த்து, "நீ அடிமையாகிவிட்டாய்" என்று அக்கம் பக்கம் கேட்கச் சத்தம் போடுவது சரியல்ல. அதே போல, நள்ளிரவு தாண்டியும் அணையாத விளக்கையும், ஆறு மாதமாகக் குறைந்துகொண்டே வரும் மதிப்பெண்ணையும் பார்த்துவிட்டு, "வயதுப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று இருந்துவிடுவதும் சரியல்ல.

இவ்விளையாட்டுகள் பிறந்த கதை வேடிக்கையானது. 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக்கூடத்தில், பார்வையாளர் நாளன்று வருகிறவர்கள் சலிப்படையக்கூடாதே என்று வில்லியம் ஹிகின்பாதம் என்ற பௌதிக அறிஞர், அலைகாட்டிக் கருவியின் சிறிய வட்டத் திரையில் டென்னிஸ் ஆடும்படி ஒன்றைச் செய்துவைத்தார். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். மக்களோ வரிசையில் நின்றது இந்த டென்னிசுக்காக! 1972இல் பாங் என்ற ஆட்டமும் 1978இல் ஜப்பானிலிருந்து ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற ஆட்டமும் வந்தன. உடனே பெரியவர்களுக்கு அச்சம் தொற்றிக்கொண்டது. 1981ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இவ்விளையாட்டைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா கொண்டுவர உறுப்பினர் ஒருவர் முயன்று, 94க்கு 114 என்ற வாக்குக் கணக்கில் தோற்றார். அதே ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் அதிபர் மார்க்கோஸ் அவற்றை அடியோடு தடை செய்தார். ஆகவே "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்" என்ற புலம்பலுக்கும் நாற்பது வயதுக்கு மேலாகிறது. நம் பெற்றோர்களில் சிலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

அன்றைய ஆட்டத்துக்கும் இன்றைய ஆட்டத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று காசைப் போட்டால் ஆடலாம். காசு தீர்ந்தால் வீட்டுக்கு வர வேண்டும். இன்று ஆட்டம் இலவசம். இலவசமாகக் கிடைப்பதற்கு விலையாக நம் நேரத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஏன் நிறுத்த முடிவதில்லை என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டாம், தாயக்கட்டம் போதும். தாயம் விழுந்தால்தான் முதல் காய் இறங்கும். ஆறு முறை, ஏழு முறை போட்டும் விழாது. எதிரே இருக்கும் அத்தைக்கு முதல் போட்டிலேயே விழும். அப்போது யாராவது எழுந்து போகிறார்களா? மாறாக, "அடுத்த போட்டில் விழும்" என்று இன்னும் நெருங்கி உட்காருகிறோம். பத்துப் போட்டுக்கு ஒரு தாயம் தவறாமல் விழும் என்று விதி இருந்தால் அந்த ஆட்டத்தை யாரும் ஆட மாட்டார்கள். எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மனம் அதிகமாகக் காத்திருக்கும்.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் பெட்டிக்குள் வைத்துக் கண்டறிந்ததும் இதுவே. பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் விழுந்தால், தானியம் நின்றதும் புறா விரைவில் ஓய்ந்துவிடும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்பது மாறிக்கொண்டே இருந்தாலோ, தானியம் நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். இன்றைய கைப்பேசி ஆட்டங்களில் திறக்கும்வரை உள்ளே என்ன என்று தெரியாத பரிசுப் பெட்டி ஒன்று இருக்கும். அதைத் திறக்கும் விரலுக்கும் அந்தப் புறாவின் அலகுக்கும் அதிக வேறுபாடில்லை. பெல்ஜியம் நாடு 2018ஆம் ஆண்டு இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்துத் தடுத்துவிட்டது.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 1998இல் லண்டன் நகரத்து ஆய்வாளர்கள், பீரங்கி வண்டியை ஓட்டும் ஓர் ஆட்டத்தை எட்டு ஆண்களுக்குக் கொடுத்து, ஆடும்போதே மூளையைப் படம் பிடித்தார்கள். டோபமைன் என்ற இரசாயனம் அவர்கள் மூளையில் அதிகமாகச் சுரந்தது தெரியவந்தது. "இது நன்றாக இருக்கிறது, மறுபடியும் செய்" என்று தூண்டுவது அது. நல்ல சாப்பாட்டுக்கும் நல்ல பாராட்டுக்கும் சுரப்பதும் அதுவே. ஆகையால் அதுவே கெடுதல் என்று சொல்ல இயலாது. ஆனால் "போதும்" என்று கடிவாளத்தை இழுக்கும் முன்மூளைப் பகுதி, இருபது வயதைத் தாண்டி இருபத்தைந்தை நெருங்கும்வரை முழு வளர்ச்சி அடைவதில்லை. பதினைந்து வயதில் குதிரை வலுவாக இருக்கிறது, கடிவாளம்தான் தளர்ந்திருக்கிறது. ஆகவே, "அறிவுள்ள பிள்ளையாயிற்றே, தானே நிறுத்திக்கொள்ளலாமே" என்று கேட்பவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய நேர்மையான பதில் இதுதான்.

இன்னொரு காரணம், முடிவின்மை. பல்லாங்குழியில் பதினான்கு குழிகள். புளியங்கொட்டை ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. விளக்கு வைக்கும் நேரமானால் பலகையை மடித்துவிடலாம். நொண்டி ஆடினால் கால் வலிக்கும், கால் வலியே போதும் என்று சொல்லிவிடும். பப்ஜி போன்ற ஆட்டத்தில் நூறு பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் நிற்பவர் வெற்றியாளர். அப்படியானால் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஏறக்குறைய எல்லோருமே தோற்கிறார்கள்! தோற்றவனுக்கு முன்னால் மறு ஆட்டத்துக்கான பொத்தான் வருகிறது. "ஒரே ஓர் ஆட்டம்" என்று அண்ணன்மார் சொல்வதில் பொய் இல்லை. அவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இவற்றோடு தோழமை வேறு. நால்வர் குழுவாக ஆடும்போது நடுவில் எழுந்தால் மற்ற மூவரும் தோற்பார்கள். சாப்பிட அழைக்கும் தாய்க்கு, தன் மகன் மூன்று நண்பர்களைக் காட்டிக் கொடுக்கத் தயங்குகிறான் என்பது தெரியாது; பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறான் என்றுதான் தெரியும். வந்து கையிலிருந்து பிடுங்குகிறார். அதன் பிறகு வீட்டில் எழும் சத்தத்தை நம் தெருக்களில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். "பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வா" என்று முன்கூட்டியே சொன்னால் பாதிச் சண்டை குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் கிராமங்களுக்கு இது எப்படி வந்தது? 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கியபின் டேட்டா விலை சரிந்தது. ஆயினும் அப்போதும் வீட்டுக்கு ஒரு கைப்பேசிதான். அது அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. ஆன்லைன் வகுப்பு என்றார்கள். சேதராப்பட்டிலும் திருபுவனையிலும் ஷிப்டு வேலை பார்க்கும் பெற்றோர்களும், நாற்று நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்களும், கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தார்கள். படிப்புக்கென்றே வாங்கினார்கள். காலை வகுப்பு ஒன்றரை மணி நேரம். பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்வரை மீதிப் பகல் முழுவதும் பிள்ளையும் கைப்பேசியும் மட்டும். பிறகு பள்ளி திறந்தது. கைப்பேசி மட்டும் திரும்பிப் போகவில்லை. யாரைக் குறை சொல்வது? அன்று வாங்கிக் கொடுக்காதிருந்தால் எங்களில் பலருக்கு அவ்வாண்டுப் பாடமே கிடைத்திராது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,095 மணி நேரம். இரவும் பகலுமாக 45 நாட்களுக்கு மேல் ஆகிறது. பள்ளி 210 நாட்கள் நடக்கிறது, நாளுக்கு 5 மணி நேரம் பாடம் என்றால் 1,050 மணி நேரம். அதாவது ஓராண்டில் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து நமக்குச் செலவிடும் நேரத்தைக் காட்டிலும் அது அதிகம். இந்தக் கணக்கை எங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதியபோது சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, "சீரியலுக்கும் இப்படிப் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். அதை இங்கே எழுதினால் தாய்மார்கள் கோபித்துக்கொள்வார்கள்!

இந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதே முக்கியம். பெரும்பாலும் தூக்கத்திலிருந்துதான். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் கூறுகிறார்கள். இருட்டத் தொடங்கியதும் மூளையில் மெலடோனின் சுரந்து தூக்கத்தை வரவழைக்கிறது. திரையின் நீல ஒளி அதைத் தள்ளிப்போடுகிறது. பகலில் படித்தது மனத்தில் பதிவது தூக்கத்தில்தான். ஆகவே பத்து மணிவரை படித்துவிட்டு ஒரு மணிவரை ஆடுபவர், படித்ததையும் சேர்த்தே இழக்கிறார். காலை ஏழரை மணிப் பேருந்தில் நின்றுகொண்டே தூங்குகிறவர்களை நாம் பார்க்கிறோமே!

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டம் இலவசம், ஆட்டத்தில் வரும் வீரனுக்குச் சட்டை, துப்பாக்கிக்கு நிறம், "வைரம்" ஆகியவற்றுக்குக் காசு. அப்பாவின் கணக்கோடு இணைந்த கைப்பேசியில் இரகசிய எண்ணைப் பிள்ளை பார்த்து வைத்திருந்தால் ஐம்பதும் நூறுமாகப் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு அடுத்த படி பெரியவர்களின் ரம்மி. நளனையும் தருமரையும் கதையாகப் படித்த நாட்டில், திருக்குறளில் சூதுக்கென்று 94ஆம் அதிகாரமே உள்ள மொழியில், அது கைப்பேசியில் விளம்பரத்தோடு வந்தது. கடனில் மூழ்கி உயிரை விட்டவர்கள் பலர். தமிழ்நாடு அரசு 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையில் குழு அமைத்து, ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அத்தடையிலிருந்து அவற்றை விலக்கியது. இறுதியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே நாடு முழுவதற்கும் தடை செய்து சட்டம் இயற்றியது. அதில் நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. இது நியாயமாகவே படுகிறது.

பணம் கட்டாத ஆட்டங்களை அச்சட்டம் தடுக்கவில்லை. பப்ஜியை 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு மற்ற 117 செயலிகளோடு தடை செய்தபோது பெற்றோர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அத்தடை பிள்ளைகளுக்காகப் போடப்பட்டதன்று. நாட்டின் பாதுகாப்பும் மக்களின் விவரங்களும் வெளிநாட்டுக்குப் போகக்கூடாது என்பதற்காகப் போடப்பட்டது. அடுத்த ஆண்டே அது வேறு பெயரில் வந்தது, மறுபடி நீக்கப்பட்டது, 2023 மே மாதம் திரும்ப வந்தது. அப்போது பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். மேலே போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? வரம்பே அவ்வளவு!

சீனா 2021இல் இன்னும் கடுமையாகச் சென்றது. அங்கே சிறுவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 மணி முதல் 9 மணிவரை மட்டுமே ஆன்லைனில் ஆடலாம். தென் கொரியாவோ எதிர்த் திசையில் நடந்தது. பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை ஆட்டத்தை அடைக்கும் சட்டத்தை 2011இல் கொண்டுவந்து, 2022 தொடக்கத்தில் நீக்கிவிட்டது. வீட்டாரும் பிள்ளையும் பேசித் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டது. பூட்டுப் போட்டால் சாவி தேடுவார்கள் என்பதைக் கொரியர்கள் பத்தாண்டில் கற்றுக்கொண்டார்கள் போலும். பெற்றோரின் ஆதார் எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைவது நம் பிள்ளைகளுக்குத் தெரியாத வித்தையா?

இதுவரை பையன்களைப் பற்றியே எழுதிவந்தேன். "நம் பள்ளியில் பெண்பிள்ளைகள்தானே, இங்கே இதை எழுதுவானேன்?" என்று யாரேனும் எண்ணலாம். தோழியரே, நாம் துப்பாக்கி ஆட்டம் ஆடுவது குறைவாக இருக்கலாம். ரீல்ஸை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நம் கட்டைவிரலுக்கு என்ன பெயர்? அடுத்தது சிரிப்பா, நடனமா, சமையலா என்று தெரியாமல்தானே தள்ளுகிறோம்! தாயமும் புறாவும் அங்கேயும் இருக்கின்றன. நாள்தோறும் விடாமல் படம் அனுப்பினால் ஒரு நெருப்புச் சின்னம் கிடைக்கிறது என்பதற்காக, காய்ச்சலில் படுத்திருந்தபோதும் கூரையைப் படம் பிடித்து அனுப்பிய ஒருத்தியை நாம் எல்லோரும் அறிவோம்.

பெற்றோர்களிடம் மரியாதையோடு ஒரு விண்ணப்பம். பல வீடுகளில், செய்தித்தாளில் ஏதேனும் ஒரு செய்தி வந்ததும் முதலில் கைப்பேசி பறிக்கப்படுவது பெண்ணிடமிருந்து. இரவெல்லாம் ஆடுகிற அண்ணனிடம் அது இருக்கும். கணக்கு வாத்தியார் அனுப்பிய வினாத்தாளைப் பார்க்க வேண்டிய தங்கை, அவன் தூங்கும்வரை காத்திருப்பாள். அவனுக்குச் சட்டம் வேறு, அவளுக்குச் சட்டம் வேறு என்றால், சட்டத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும். இரவு ஒன்பதரை மணிக்குக் கைப்பேசிகள் சமையலறை அலமாரிக்குப் போகட்டும். அப்பாவுடையதும் போகட்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் செய்கிறார்கள். முதல் வாரம் மிகவும் அவதிப்பட்டவர் அப்பாதான் என்று அந்த வீட்டுப் பாட்டி சொல்லிச் சிரித்தார்.

எல்லை மீறிப் போன பிள்ளைக்கு அடியும் சாபமும் மருந்தாகா. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014ஆம் ஆண்டிலிருந்தே இதற்கென்று ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஜிப்மரில் மனநலப் பிரிவு உண்டு. "மனநலம்" என்ற சொல்லைக் கேட்டதும் ஊரார் என்ன நினைப்பார்கள் என்று பயப்படுகிறவர்கள், வீட்டிலிருந்தபடியே 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். டெலி மானஸ் என்ற அந்த அரசுச் சேவை 2022 அக்டோபர் முதல் நடந்துவருகிறது, தமிழிலும் பேசுவார்கள், கட்டணமில்லை. யாரிடமும் சொல்ல முடியாத நிலையில் இருக்கும் பிள்ளை 1098 என்ற எண்ணையும் அழைக்கலாம். எல்லா ஆட்டத்தையும் அன்றே நிறுத்து என்பது சிகிச்சையாகாது. எந்த நேரத்தில், என்ன மனநிலையில் கை தானாகக் கைப்பேசிக்குப் போகிறது என்று ஒரு வாரம் குறித்துவைக்கச் செய்வது நல்ல தொடக்கம். தனிமையில் இருக்கும்போதா? திட்டு வாங்கிய பிறகா? பரீட்சை பயத்திலா? ஓடி ஒளிவதற்கு ஓர் இடமாகவே பலர் ஆட்டத்துக்குள் போகிறார்கள். எதற்கு அஞ்சி ஒளிகிறார்கள் என்பதைக் கேட்காமல், ஒளியும் இடத்தை மட்டும் இடித்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது என்ற கேள்வி ஒன்று மீதம் இருக்கிறது. பையன்களுக்குக் கதிர் அறுத்த வயல் இருக்கிறது; நீர் வற்றிய ஏரியின் ஓரம் இருக்கிறது; கிரிக்கெட் மட்டையோடு போய்விடுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பெண் மாலை ஆறு மணிக்கு வயலில் ஓடினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வீட்டுக்குள்ளேயே இரு என்பார்கள். வீட்டுக்குள் இருப்பதோ அந்தத் திரை ஒன்றுதான். ஆகவே நம் அருட்சகோதரியர்களிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரிடமும் எங்கள் வகுப்பின் சார்பில் கேட்டுக்கொள்வது இது: சனிக்கிழமைகளில் மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை பள்ளித் திடலின் பக்கக் கதவு திறந்திருக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியை ஒவ்வொரு வாரமும் வர இயலாவிட்டால், தாய்மார்களில் இருவர் முறை வைத்து உட்கார்ந்திருக்கலாம். வளையப்பந்துக்கு இரண்டு பேர் போதும். எறிபந்துக்குத்தான் ஆள் சேர்க்க வேண்டும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சாமான் அறையில் இருக்கும் வலை போன ஆண்டு வாங்கியது, இன்னும் கிழியவில்லை.